காம்ரேட்ஸ் ஓட நினைக்கும் டர்பன் தமிழர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்து, பிள்ளைகள் பிறந்த பிறகு ஓடத் தொடங்கியவள் நான். கோயில் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், கடற்கரை நடைபாதையில் சந்திக்கும் தம்பிமார், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று பலரும் ஏறக்குறைய இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதிலெல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். நான் பதினோரு மணி நேரத்தை ஒட்டி முடிக்கிற ஆள். அந்த வேகத்தில் ஓடப்போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.

காம்ரேட்ஸ் என்பது சரியாக என்ன ஓட்டம்?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சாலையில் ஓடும் நெடுந்தூர ஓட்டம். முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக விக் கிளாபம் என்பவர் தொடங்கினார். முதல் ஓட்டம் 1921 மே 24 அன்று நடந்தது. 34 பேர் கிளம்பி 16 பேர் முடித்தார்கள். வென்ற பில் ரோவனுக்கு 8 மணி 59 நிமிடம் ஆனது. இப்போது ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுகிறார்கள்.

பொதுவாக ஓர் ஆண்டு டர்பனிலிருந்து மேலே, அடுத்த ஆண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கீழே. மேலே போவது சுமார் 87 கிலோமீட்டர், கீழே வருவது சுமார் 90. சாலை வேலைகளைப் பொறுத்து ஆண்டுதோறும் கொஞ்சம் மாறும். முடிக்க 12 மணி நேரம் தருவார்கள்.

தாத்தா காலத்தில் நம்மவர்கள் இதில் ஓடினார்களா?

ஓட விடவில்லை. 1975 வரை வெள்ளையர் அல்லாதவர்களும் பெண்களும் அதிகாரபூர்வமாகக் கலந்துகொள்ள முடியாது. ஆனாலும் ஓடியவர்கள் இருந்தார்கள். 1923-ல் பிரான்சிஸ் ஹேவர்ட் என்ற பெண் பதிவு இல்லாமலே ஓடி 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். 1935-ல் ராபர்ட் எம்ட்ஷாலி சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் ஓடி முடித்தார். பதக்கமும் இல்லை, பதிவேட்டில் பெயரும் இல்லை. 9 மணி நேரத்துக்கும் 10 மணி நேரத்துக்கும் இடையில் முடிப்பவர்களுக்கு 2019 முதல் அவர் பெயரில் பதக்கம் தருகிறார்கள். 1989-ல் சாம் ட்ஷபலாலா வென்றபோதுதான் முதன்முறையாக ஒரு கறுப்பின ஓட்டக்காரர் முதலிடத்துக்கு வந்தார்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். என் அப்பா இளவட்டமாக இருந்த காலத்தில் இந்தச் சாலை ஓரத்தில் நின்று கை தட்டலாம், உள்ளே இறங்க முடியாது. இன்று நம் வீட்டுப் பெண்கள் எண் குத்திக்கொண்டு அதே சாலையில் ஓடுகிறார்கள். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சேர என்ன தகுதி வேண்டும்?

ஒரு முழு மராத்தானை, அதாவது 42.2 கிலோமீட்டரை, குறித்த நேரத்துக்குள் முடித்திருக்க வேண்டும். சமீப ஆண்டுகளில் அந்த அளவு 4 மணி 50 நிமிடம். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 நிமிடம் 52 விநாடி. விதி மாறக்கூடும் என்பதால் பதிவு செய்யும்போது அந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள்.

அப்புறம், இங்கே சாலை ஓட்டங்களுக்குத் தடகளச் சங்கத்தின் லைசென்ஸ் எண் தேவை. ஒரு கிளப்பில் சேர்ந்தால் அவர்களே வாங்கித் தருவார்கள். லைசென்ஸுக்காக இல்லாவிட்டாலும் கிளப்பில் சேருங்கள் என்பேன். வாரநாள் மாலை நேரம் குறித்து ஓடும் டைம் ட்ரையல், ஞாயிறு நீண்ட ஓட்டம், பந்தய நாளில் கூடாரம், பழைய ஆட்களின் அனுபவம் எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

எனக்கு 45 வயது. ஐந்து கிலோமீட்டர்கூட ஓடியதில்லை. எங்கே தொடங்குவது?

நடையில் தொடங்குங்கள். இரண்டு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாள். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பிறகு சனிக்கிழமை காலை பார்க்ரன்னுக்கு வாருங்கள். ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடப்பவர்களையும் அன்போடு வரவேற்பார்கள். டர்பன் கடற்கரையில் நடப்பது பெரிய கூட்டம். அங்கிருந்து 10 கிலோமீட்டர், 21 கிலோமீட்டர் என்று போகலாம்.

இரண்டு ஆண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழகப் பல மாதங்கள் ஆகும். மூச்சு சம்மதிக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் முழங்காலும் குதிகாலும் முதலில் பேசத் தொடங்குகின்றன.

வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்?

ஜனவரியிலிருந்து ஜூனில் வரும் ஓட்ட நாள் வரை மொத்தம் சுமார் 1000 கிலோமீட்டர் என்பது இங்கே கிளப்புகளில் பழகிப்போன கணக்கு. வாரத்துக்குச் சராசரியாக 45-ஐ ஒட்டி வரும். முடிப்பது மட்டுமே நோக்கம் என்றால் இது போதும். ஐந்தாறு வாரம் முன்னால் 50 கிலோமீட்டரை ஒட்டி ஒரு நீண்ட ஓட்டம். கடைசி மூன்று வாரம் படிப்படியாகக் குறைப்பு.

இந்தத் தூரத்தில் பெரும்பகுதி மெதுவாக இருக்க வேண்டும். 90 கிலோமீட்டரை 12 மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் போதும், மேட்டில் நடப்பதையும் சேர்த்து! ஒவ்வொரு நாளும் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்தில் பாய்கிற தம்பிகளைப் பார்க்கிறேன். ஏப்ரலில் அவர்களில் பாதிப் பேர் பிசியோதெரபி படுக்கையில் இருக்கிறார்கள். மே மாதம் முழு உடம்போடு வருகிறவன்தான் ஜூனில் முடிக்கிறான்.

இறக்க ஓட்டம் சுலபம்தானே, அக்கா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் தவறாக நினைப்பது இதைத்தான்.

முதலில், கீழே வருவது என்றால் ஒரே சரிவு இல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பி பாலி ஷார்ட்ஸ் என்ற மேட்டை இறங்கியதும் உம்லாஸ் ரோடு வரை ஏற வேண்டும். பாதையில் மிக உயரமான இடம் அதுதான், கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர். பிறகு கேம்பர்டவுன், கேட்டோ ரிட்ஜ், அதன்பின் இன்சாங்கா மேடு. டிரம்மண்டில் பாதித் தூரம். அங்கிருந்து மீண்டும் போத்தாஸ் ஹில். இவ்வளவையும் தாண்டி ஹில்கிரெஸ்ட், குளூஃப் வந்த பிறகுதான் உண்மையான இறக்கம்: பைன்டவுனை நோக்கிச் சுமார் மூன்று கிலோமீட்டர் சரியும் ஃபீல்ட்ஸ் ஹில். அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கால்களோடு அதில் இறங்க வேண்டும்.

இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தடுத்து நிறுத்துகிறது. ஏறும்போது சுருங்கி வேலை செய்யும் தசை, இறங்கும்போது இழுபட்டபடி வேலை செய்வதால் நார்களில் நுண்ணிய சேதம் அதிகம். ஃபீல்ட்ஸ் ஹில்லின் அடிவாரத்தில் எத்தனையோ வலுவான ஆட்கள் பக்கவாட்டில் திரும்பி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேலும் கௌவீஸ் ஹில் ஏறி, வெஸ்ட்வில் தாண்டி நகருக்குள் வர வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இறக்கத்தில் வலித்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த சேதத்தோடு செய்யும். அதனால் பிப்ரவரியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீண்ட இறக்கத்தைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாட்ஸ்வொர்த்தில் மேடுபள்ளத்துக்குப் பஞ்சமே இல்லை. சில்வர்கிளென் பக்கம் போனால் வேண்டிய மட்டும் கிடைக்கும். சிறிய அடி, வேகமான கால்மாற்றம், முழங்காலில் லேசான மடிப்பு. கடைசிக் கடும் இறக்கம் ஓட்டத்துக்கு மூன்று, நான்கு வாரம் முன்னால் முடிந்துவிட வேண்டும்.

ஏற்ற ஓட்டத்தில் எங்கே கவனம் வேண்டும்?

முதல் பாதியில். கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ் மூன்றும் டிரம்மண்டுக்கு முன்பே வந்துவிடும். அவற்றில் தயங்காமல் நடங்கள். பாலி ஷார்ட்ஸ் முடிவுக்கு ஏழு, எட்டுக் கிலோமீட்டர் இருக்கும்போது வருகிறது. அங்கே ஏறக்குறைய எல்லோரும் நடப்பார்கள்.

ஓடாத நாட்களில் என்ன செய்யலாம்?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வாரத்தில் ஆறு நாள் ஓடிப் பழகிய உடம்பு எனக்கு இல்லை. நான்கு நாள் ஓட்டம், இரண்டு நாள் வேறு பயிற்சி, ஒரு நாள் முழு ஓய்வு என்பதில்தான் என் கால்கள் நீடிக்கின்றன.

சைக்கிள் முதல் தேர்வு. மூட்டில் அடி விழாமல் நெஞ்சுக்கும் தொடைக்கும் வேலை தருகிறது. நமக்கு அருமையான ஒரு வாய்ப்பும் இருக்கிறது: அக்டோபரில் நடக்கும் அமஷோவா சைக்கிள் ஓட்டம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர், பெரும்பாலும் காம்ரேட்ஸ் போகும் பக்கமாகவே வருகிறது. இன்சாங்காவைச் சைக்கிளில் ஏறிப் பார்த்தவருக்கு அதன் திருப்பமெல்லாம் மனத்தில் பதிந்துவிடும். ஜூனில் காலால் வரும்போது அந்த மேடு அந்நியமாக இருக்காது.

அடுத்தது நீச்சல். பிப்ரவரி வெயிலில் ஓட முடியாத நாளுக்கு இதைவிட நல்லது இல்லை. ஹோவிக் பக்கத்தில் மிட்மார் அணையில் 1974 முதல் நடக்கும் மிட்மார் மைல் நீச்சலும் பிப்ரவரியில்தான் வருகிறது, 1.6 கிலோமீட்டர், குடும்பம் குடும்பமாக நீந்துவார்கள். கடலில் நீந்துவதானால் காவலர் இருக்கும் கடற்கரையில் மட்டும் இறங்குங்கள். பெருமழைக்குப் பிறகு நீரின் தரம் பற்றிய அறிவிப்பைப் பார்க்காமல் இறங்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் கடற்கரைகளை மூட வேண்டி வந்தது நினைவிருக்கும். (இதே இரு நகரங்களுக்கிடையே ஆற்று வழியாகத் துடுப்புப் போட்டு மூன்று நாளில் வரும் டூசி படகு ஓட்டமும் 1951 முதல் நடக்கிறது. அதில் நான் இறங்கியதில்லை, பார்க்கப் போவதுண்டு.)

மூன்றாவது, வீட்டிலேயே செய்யும் வலுப் பயிற்சி. வாரத்தில் இரண்டு முறை, இருபது நிமிடம் போதும். ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுவது, படிக்கட்டில் பின்னோக்கி மெதுவாக இறங்குவது, படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலைத் தாழ்த்தி உயர்த்துவது, இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது. குதிகால் தசைநார் வலி உள்ளவர்கள் அந்தப் படி விளிம்புப் பயிற்சியைப் பிசியோவிடம் கேட்டுக்கொண்டு 12 வாரம் விடாமல் செய்யுங்கள். பலனுக்குப் பொறுமை வேண்டும்.

டர்பன் புழுக்கத்தில் எப்போது ஓடுவது?

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், அதனால் காலை நாலரை, ஐந்து. ஈரப்பதம் அதிகமானால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும், சூடு வெளியேறாது. அன்றைக்கு வேகத்தை மறந்து நேரத்தை மட்டும் பாருங்கள். ஜொகன்னஸ்பர்க் போன்ற இடத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்களுக்கு உடம்பு பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

பெண்கள் தனியாக ஓடலாமா? பாதுகாப்பு?

இருட்டில் தனியாக வேண்டாம். ஆண்களுக்கும் இதையே சொல்வேன். நான்கைந்து பேராகச் சேர்ந்து, பளபளக்கும் பட்டை அணிந்து, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்கம் ஓடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். ப்ளூ லகூனிலிருந்து உஷாகா வரை நீளும் கடற்கரை நடைபாதை சுமார் 8 கிலோமீட்டர். ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில் புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கு அதுதான் நல்ல இடம்.

பெண்களுக்கு இன்னொன்று. களைப்பு விடாமல் இருந்தால் இரும்புச்சத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிட்டு, மாதவிலக்கும் இருந்து, நீண்ட தூரமும் ஓடினால் குறைவு வர வாய்ப்பு அதிகம். சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

காவடி விரதத்தின்போது பயிற்சி செய்யலாமா? புரட்டாசியில்?

செய்யலாம், ஆனால் விரதத்துக்கே முதலிடம் கொடுங்கள். தைப்பூசம் வருவது ஜனவரி, பிப்ரவரியில், அதாவது மிகக் கடும் வெயிலில். கிளேர்வுட் முருகன் கோயிலில் காவடி எடுப்பவர்கள் விரத நாட்களில் மெதுவான குறுகிய ஓட்டம் அல்லது நடையோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஜூனுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வெறும் வயிற்றில் நீண்ட ஓட்டம் வேண்டாம். காவடி தூக்கி வெயிலில் நடந்ததையும் அந்த வாரத்துப் பயிற்சியாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், மறுநாள் ஓய்வெடுங்கள்.

புரட்டாசியில் சிக்கலே இல்லை. செப்டம்பர், அக்டோபர் மாதம் அடித்தளப் பயிற்சிக் காலம், தூரம் குறைவு. பருப்பு, சுகர் பீன்ஸ் கறி, கீரை, தயிர் என்று ஒவ்வொரு வேளையும் புரதம் இருந்தால் போதும்.

பெரிய வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலில் தீ மிதிப்பவர்களும் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் கேப் டவுனின் 56 கிலோமீட்டர் டூ ஓஷன்ஸ் ஓட்டத்தைத் தவறவிட்டு வருத்தப்படுவதுண்டு. அது நெடுங்காலம் ஈஸ்டர் வாரக் கடைசியில் நடந்தது. சமீப ஆண்டுகளில் வேறு தேதிகளிலும் நடந்திருப்பதால் இரண்டும் இப்போது கைகூடும்.

என்ன சாப்பிடுவது? ஜெல் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், எந்த வடிவில் என்பது உங்கள் வயிற்றின் விருப்பம். வழியில் உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கோக் எல்லாம் கிடைக்கும். காலையில் எனக்கு ஆயா வழக்கப்படி புளித்த சோளமாவுக் கஞ்சிதான், கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால். எதையும் நீண்ட பயிற்சி ஓட்டத்தில் பலமுறை சாப்பிட்டுப் பார்த்த பிறகே அன்றைக்குச் சாப்பிடுங்கள். முந்திய இரவு காரமான பிரியாணி வேண்டாம், ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பன்னி சௌவும் வேண்டாம்; இரண்டையும் மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

தாகம் எடுக்கும்போது குடியுங்கள். ஒவ்வொரு மேசையிலும் கட்டாயமாகக் குடிப்பது ஆபத்து. அளவுக்கு மீறிய நீரால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கும் நிலையை, நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் கண்டு 1985-ல் முதலில் எழுதியவர்கள் இந்த நாட்டு மருத்துவர் டிம் நோக்ஸும் அவருடைய குழுவும்தான். அவர்கள் பார்த்தவர்களில் காம்ரேட்ஸ் ஓடியவரும் உண்டு. கை வீங்கி, தலை வலித்து, குழப்பமாகப் பேசுகிறவருக்கு மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவக் கூடாரத்துக்கு அழைத்துப் போங்கள்.

ஐபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரைகளை ஓடும்போது போடவே கூடாது. நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எனக்குச் சர்க்கரை நோய். ஓட முடியுமா?

முடியும், மருத்துவரைக் கலந்துகொண்டு. நம் வீடுகளில் சர்க்கரையும் இதய நோயும் அதிகம் என்பதால் 40 தாண்டிய யாருமே இதயப் பரிசோதனை செய்துகொண்டு தொடங்குவது நல்லது. இன்சுலின் அல்லது சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் ஓட்டத்தின்போதும் அன்று இரவும் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் கவனிக்க வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ், கையில் நோயைக் குறிக்கும் பட்டை. காய்ச்சல் இருந்தால் யாரும் ஓடக் கூடாது.

'பஸ்' என்கிறார்களே, அது என்ன?

ஒரே நேர இலக்கோடு கூட்டமாக ஓடுவது பஸ். முன்னால் போகிறவர் டிரைவர். அவர் எப்போது நடக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று சொல்வார், கூட்டம் கேட்கும். பாட்டு, கைதட்டல், ஜூலு, ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ் எல்லாம் கலந்து வரும். தனியாக ஓடினால் 70 கிலோமீட்டருக்குப் பிறகு மனம் தளர்ந்துவிடும் என்று பயப்படுபவர்கள் பஸ்ஸில் ஏறுங்கள். கேட்டோ ரிட்ஜ் தாண்டிய வெற்றுச் சாலையில் முன்பின் தெரியாத ஒருவர் என் முதுகில் கை வைத்து "வா, அம்மா" என்று தன் மொழியில் சொல்லிக் கூடவே ஓடினார். கோடு வரை அந்தக் கூட்டத்தை நான் விடவில்லை. தண்ணீர் மேசை அருகே மட்டும் நெரிசல் இருக்கும், ஓரமாகப் போங்கள்.

12 மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் தாண்டினால்?

பதக்கம் இல்லை. கடைசி நொடியில் ஒருவர் ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டியபடி துப்பாக்கி வெடிப்பார், யார் வருகிறார்கள் என்று பார்க்கக் கூடாது என்பதற்காக. வழியிலும் இடைநிலை நேர எல்லைகள் உண்டு. அவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் ஒட்டிக்கொள்ளுங்கள். 11 மணி நேரத்துக்குள் வெண்கலம், அதன்பின் 12 வரை விக் கிளாபம் பதக்கம்.

பச்சை எண் என்றால்?

பத்து முறை முடித்தவருக்கு அவருடைய எண் நிரந்தரமாகிவிடும். அதை வேறு யாருக்கும் தர மாட்டார்கள்.

ஓட்டம் முடிந்த பிறகு?

அன்றே கொஞ்சம் நடங்கள். ஒரு வாரம் ஓட வேண்டாம், மூன்றாவது வாரத்திலிருந்து மெதுவாக. சளி எளிதில் பிடிக்கும் காலம் இது. சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனை.

குடும்பத்தார் எங்கே நின்று பார்க்கலாம்?

சாலைகள் காலையிலேயே மூடப்படும். போத்தாஸ் ஹில், ஹில்கிரெஸ்ட் பக்கம் நிற்பதானால் விடிவதற்குள் போய்விடுங்கள், மடக்கு நாற்காலியும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் காலை மலை மேல் குளிரும், சின்னப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். இரண்டு இடத்தில் பார்க்க நினைத்தால் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு இரண்டையும் இழப்பீர்கள், ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஆளுக்கு முன்கூட்டியே சாலையின் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். எண்ணில் பெயரும் அச்சிட்டிருக்கும், அதைப் படித்துத் தெரியாதவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.